ஒடிசியஸ் வீரனா?

உலகப் பெருங்காப்பியங்களுள் தலையாய இடம் பெற்றவை, கிரேக்கப் பெருங்கவிஞர் ஹோமரின் பெயரால் வழங்கும் இலியட், ஒடிசி என்னும் இரண்டுமாகும். கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டி இவை இன்றைய வடிவை எய்தின என்பது அறிஞர் பலரின் கருத்து. இலியட் 15,000 வரிகளுக்கு மேற்பட்டது. ஒடிசி ஏறத்தாழ 12,000 வரிகளைக் கொண்டது. மூலமொழியில் இலியட்டின் முதற்சொல் 'சினம்' என்பது. ஒடிசியின் முதற்சொல் 'மனிதன்' என்பது. ஒன்று அக்கிலீஸ் என்னும் மறவனின் கடுஞ்சினத்தின் விளைவைப் பாடுகிறது. மற்றொன்று ஒடிசியஸ் என்னும் ஒரு மனிதனைப் பாடுகிறது.

ஒடிசியஸ், இத்தாக்கா என்னும் சிறு தீவின் மன்னன். டிராய் நகர முற்றுகையில் பத்தாண்டுகளும் கடலலைச்சலில் பத்தாண்டுகளும் கழித்து, இருபதாம் ஆண்டில் தாயகம் மீண்டவன். மரக்குதிரைச் சூழ்ச்சியும், ஒற்றைக்கண் அரக்கனிடமிருந்து தப்பிய திறமும், சைரன்களின் பாட்டைக் கேட்கத் தன்னைப் பாய்மரத்தில் கட்டச் செய்த துணிவும் சிறுவர் நூல்களின் வாயிலாக நம் பிள்ளைகளும் அறிந்தவை. அக்கதைகளில் அவன் ஐயத்திற்கு இடமில்லாத வீரன். ஆயினும் முழுக் காப்பியத்தையும் தொடர்ந்து படிப்பவர் உள்ளத்தில் ஒரு வினா எழாமல் இராது. பன்னிரண்டு கப்பல்களில் தன் நாட்டு மக்களை அழைத்துச் சென்றவன் தன்னந்தனியனாகத் திரும்பி வந்தான். அவனுடன் டிராயிலிருந்து புறப்பட்டவருள் ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை. இத்தகையவனை வீரன் என்று போற்றுதல் தகுமா? இவ்வினாவைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

'ஹீரோ' என்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல் கிரேக்க மொழியின் 'ஹீரோஸ்' என்பதிலிருந்து பிறந்தது. ஹோமரிடத்தில் அது ஒழுக்கத்திற்குத் தரப்படும் பட்டம் அன்று. போர்மறவருக்கும் உயர்குடியினருக்கும் பொதுவாக வழங்கும் ஒரு மதிப்புச்சொல்லே அது. ஒடிசியில் டெமொடோக்கஸ் என்னும் பார்வையற்ற பாணனையும் கவிஞர் அச்சொல்லால் குறிக்கின்றார். பிற்காலக் கிரேக்கர், இறந்தபின் கல்லறையில் வழிபடப் பெற்றோரை அச்சொல்லால் சுட்டினர். பிறருக்கு எடுத்துக்காட்டாக விளங்கும் உத்தமன் என்னும் பொருள் அதற்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்ததாகும். ஆகவே, ஹோமர் அவனை அச்சொல்லால் அழைத்தார் என்பதைக் கொண்டு நம் வினாவிற்கு விடை காண இயலாது.

தமிழில் இச்சிக்கலை அவிழ்ப்பது ஒருவகையில் எளிது. நம்மிடம் தனித்தனிச் சொற்கள் உள்ளன. கதையை நடத்திச் செல்பவன் தலைவன், அல்லது நாயகன். களத்தில் அஞ்சாது நிற்பவன் வீரன். பண்பினால் நிறைந்தவன் சான்றோன். சங்க காலத்தில் சான்றோன் என்பது போர்வீரனையும் குறித்தது என்பர். ஈண்டு இன்றைய பொருளையே கொள்வோம். பெருங்காப்பியத்திற்கு ஒப்பற்ற தலைவன் ஒருவன் வேண்டும் என்பது நம் தண்டியலங்காரம் வகுக்கும் இலக்கணங்களுள் ஒன்று. ஒடிசியஸ் அவ்வாறான தலைவன் என்பதில் ஐயமில்லை. எனவே எஞ்சி நிற்பவை இரண்டு வினாக்கள்: அவன் அஞ்சாமை உடையவனா? அவனைச் சான்றோன் எனத் தகுமா?

அவன் பெருமை

முதல் வினாவிற்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இலியட்டின் 11ஆம் பகுதியில் கிரேக்கப் படை சிதறி ஓட, ஒடிசியஸ் ஒருவனே பகைவர் நடுவே நிற்கின்றான். ஓடினால் இழிவு, நின்று தனியே அகப்பட்டால் அதனினும் கேடு என்று தன் நெஞ்சோடு பேசுகின்றான். களத்திலிருந்து பின்வாங்குதல் கோழையின் செயல் என்று தெளிந்து நிற்கின்றான். விலாவில் புண்ணும் ஏற்கின்றான். அச்சமே அறியாதவன் என்று அவனைக் கூற முடியாது. அச்சத்தை அறிந்து, எண்ணிப் பார்த்து, அதன்பின் நின்றவன் அவன். இதுவே உயர்ந்த வீரம் என்று கொள்வாரும் உளர்.

ஒடிசியிலும் இவ்வாறான இடங்கள் பல. சர்சி என்னும் மாயக்காரி அவன் தோழர்களைப் பன்றிகளாக்கிவிட்டாள் என்ற செய்தியை யூரிலோக்கஸ் நடுங்கிக்கொண்டு வந்து சொல்கின்றான்; எஞ்சியவர்களுடன் ஓடிவிடலாம் என்றும் மன்றாடுகின்றான். ஒடிசியஸோ, போக வேண்டிய கடமை தனக்கு உண்டு என்று கூறித் தனியனாகச் சென்று அவர்களை மீட்கின்றான். அதே தீவில் எல்பினோர் என்னும் இளைஞன் கூரையிலிருந்து தவறி விழுந்து இறக்கின்றான். போரிலோ அறிவிலோ பெயர் பெறாத எளியவன் அவன். அவனுடைய ஆவி வேண்டிக் கொண்டதற்கிணங்க ஒடிசியஸ் திரும்பி வந்து, உடலை எரித்து, மேடு எழுப்பி, அவன் வலித்த துடுப்பை அதன்மேல் நட்டுவிட்டுப் போகின்றான்.

எல்லாவற்றினும் சிறந்தது கலிப்ஸோவின் தீவில் அவன் செய்த தேர்வு. ஏழாண்டுகள் அத்தேவமங்கை அவனைத் தன்னிடம் இருத்தி வைத்தாள். தன்னோடு தங்கினால் மூப்பும் சாவும் இல்லாத வாழ்வு தருவதாகவும் கூறினாள். தன் மனைவி பெனலோப்பி அழகில் அவளுக்கு நிகராகாள் என்பதையும், அவள் மூத்து மடியும் மானிடப் பெண் என்பதையும் ஒடிசியஸ் மறுக்கவில்லை. ஆயினும் வீடு திரும்பும் நாளையே தான் விரும்புவதாக விடையிறுக்கின்றான். இறவாமையைக் கையில் வைத்து ஒருத்தி நீட்ட, முதுமையையும் சாவையும் குடும்பத்தோடு சேர்த்து ஏற்றுக்கொண்டவன் அவன். கல் நிறைந்த ஒரு சிறு தீவுக்காக இவ்வாறு செய்தான் என்பதை நினைக்குந்தோறும் அவன்மீது மதிப்புப் பெருகாமல் இராது.

பன்னிரண்டு கப்பல்களின் கணக்கு

இனி மறுபக்கத்தை நோக்குவோம். காப்பியத்தின் தொடக்கத்திலேயே கவிஞர் தம் தலைவனுக்காக ஒரு சமாதானம் கூறிவிடுகின்றார். தோழர்களை ஊர் சேர்க்க அவன் அரும்பாடு பட்டான் என்றும், கதிரவனுக்குரிய பசுக்களைக் கொன்று தின்ற தம் மடமையாலேயே அவர்கள் அழிந்தனர் என்றும் கூறுகின்றார். கதையைக் கப்பல் கப்பலாகக் கணக்கிட்டுப் பார்த்தால் இச்சமாதானம் பாதி வழிகூட வருவதில்லை.

டிராயிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் 12. முதலில் கிக்கோனியர் நகரை அவர்கள் கொள்ளையிட்டனர். உடனே புறப்படலாம் என்றான் ஒடிசியஸ்; தோழர்கள் கேளாது குடித்துக் களித்திருந்தனர். கிக்கோனியர் திரண்டு வந்து தாக்கியதில் கப்பலுக்கு 6 பேராக 72 பேர் மாண்டனர். இது தோழர்களின் பிழையே, அதில் ஐயமில்லை. அந்நகரைக் கொள்ளையிட்டது யார் பிழை என்பது வேறு கேள்வி.

அடுத்து, ஒற்றைக்கண் அரக்கன் பாலிபீமஸின் குகை. உடன் சென்றவர் 12 பேர். பாலாடைக்கட்டிகளையும் ஆட்டுக்குட்டிகளையும் எடுத்துக்கொண்டு கப்பலுக்குத் திரும்பிவிடலாம் என்று அவர்கள் வேண்டினர். குகைக்குரியவனைக் காண வேண்டும், அவன் தரும் விருந்துப் பரிசைப் பெற வேண்டும் என்று தங்கியவன் ஒடிசியஸ். அறுவர் அரக்கனுக்கு இரையாயினர். தோழர் சொல்லைக் கேட்டிருந்தால் எவ்வளவோ நலமாக இருந்திருக்கும் என்று அவனே பின்னர் ஒப்புக்கொள்கின்றான். தப்பிக் கடலில் இறங்கிய பின்னராவது அடங்கினானா எனில் அதுவும் இல்லை. 'யாருமில்லை' என்று பெயர் சொல்லி அரக்கனை ஏமாற்றிய அறிவாளி, இப்போது தோழர்கள் வாயைப் பொத்தாக் குறையாக வேண்டியும் கேளாமல், தன் உண்மைப் பெயரையும் தந்தை பெயரையும் ஊர்ப் பெயரையும் கூவி அறிவிக்கின்றான். கண்ணிழந்த அரக்கன் தன் தந்தையாகிய கடல் தெய்வம் போசைடனிடம், இவன் தோழர் அனைவரையும் இழந்து, காலம் கடந்து, பிறர் கப்பலில் ஊர் சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்ள அந்தப் பெயரே உதவியது. தன் புகழ் நிலைக்க வேண்டும் என்னும் ஒரு கண நேர ஆசைக்கு விலை கொடுத்தவர்கள் மற்றவர்கள்.

பின்னர்க் காற்றின் காவலன் ஏயலஸ் கொடுத்த பை. ஒன்பது நாள் ஒடிசியஸ் சுக்கானை வேறெவரிடமும் தராமல் தானே பிடித்திருந்தான். பத்தாம் நாள் தாயகக் கரையில் எரியும் தீயும் தென்பட்டது. அப்போது களைப்பால் உறங்கிவிட்டான். பையில் பொன்னும் வெள்ளியும் இருப்பதாக எண்ணித் தோழர்கள் அவிழ்க்க, அடைபட்டிருந்த காற்றெல்லாம் வெளியேறிக் கப்பல்களைத் திருப்பி அடித்துச் சென்றது. பேராசை அவர்களுடையது. ஆயினும், பையில் இருப்பது இன்னது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் யார் அவிழ்த்திருப்பர்? சுக்கானை ஒருவனிடம் ஒரு வேளை கொடுக்கும் நம்பிக்கை இருந்திருந்தால் உறக்கம்தான் எங்ஙனம் வந்திருக்கும்?

அதன்பின் நேர்ந்ததே பேரழிவு. லீஸ்ட்ரிகோனியர் என்னும் பேருருவ மனிதரின் துறைமுகத்தில் 11 கப்பல்கள் உள்ளே சென்று நெருக்கமாக நின்றன. ஒடிசியஸ் தன் கப்பலை மட்டும் வெளியே பாறையில் கட்டினான். ஏன் அவ்வாறு செய்தான், பிறரை ஏன் எச்சரிக்கவில்லை என்பதைக் காப்பியம் கூறவில்லை. பாறைகளை எறிந்து 11 கப்பல்களையும் நொறுக்கி, மனிதரை மீன்போல் குத்திச் சென்றனர் அக்கொடியோர். ஒடிசியஸ் வாளால் கயிற்றை அறுத்துத் தன் கப்பலோடு தப்பினான்.

கதிரவனின் பசுக்கள் இருந்த தீவை அடைந்தது இந்த ஒரே ஒரு கப்பல்தான். ஒரு கப்பலில் ஐம்பதின்மர் என்று கொண்டால், புறப்பட்டவர் ஏறத்தாழ அறுநூறு பேர்; பசுவைத் தின்றவர் அவர்களுள் பன்னிரண்டில் ஒரு பங்கிற்கும் குறைவானவர். எஞ்சிய பதினொரு பங்கினரும் எந்தப் பசுவையும் தொட்டவரல்லர். கவிஞரின் முன்னுரைச் சமாதானம் அவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. தின்றவர்களும் ஒரு திங்கள் முழுவதும் எதிர்க்காற்றில் அடைபட்டு, உணவு தீர்ந்து, பசி வாட்டிய பின்னரே தின்றனர் என்பதும் நினைக்கத்தக்கது.

இதற்கிடையே ஸ்கில்லா என்னும் ஆறுதலைப் பூதத்தின் இடுக்கு வழி. ஆறு பேரை அது பறித்துச் செல்லும் என்பதை ஒடிசியஸ் முன்னமே அறிவான், சர்சி சொல்லியிருந்தாள். அறிந்தால் துடுப்பை விட்டுவிட்டு ஒளிந்துகொள்வர் என்று கருதித் தோழரிடம் அதனை மறைத்தான். ஒரு கப்பலைக் காக்க ஆறு பேரை இழக்கத் துணிதல் தலைவனுக்கு நேரும் கொடிய நெருக்கடிகளுள் ஒன்று என்பதை ஒப்புக்கொள்வோம். அவர்கள் கைகளை நீட்டித் தன் பெயரைச் சொல்லி அலறிய காட்சியே கடலில் தான் கண்டவற்றுள் மிகவும் இரங்கத்தக்கது என்று அவன் கூறுவதும் பொய்யன்று. அந்தத் துயரம் உண்மையானது. ஆனால் துயரப்படுதல் வேறு, பொறுப்பேற்றல் வேறு.

சாட்சி ஒருவனே

இன்னொன்றையும் கருத வேண்டும். மேற்கூறிய நிகழ்ச்சிகளுள் பெரும்பாலானவை 9 முதல் 12 வரையிலான பகுதிகளில் வருகின்றன. அவற்றை உரைப்பவன் ஒடிசியஸ். பயேசியர் என்னும் மக்களின் அரண்மனையில், ஊர் திரும்பக் கப்பலும் துணையும் வேண்டி நிற்கும் நிலையில், தன் கதையைத் தானே சொல்கின்றான். மறுத்துச் சொல்ல ஒருவரும் உயிருடன் இல்லை. இத்தாக்காவில் இறங்கிய பின்னர் அத்தீனா தேவியிடமும், பன்றி மேய்க்கும் யூமேயஸிடமும், மனைவியிடமும், முதிய தந்தையிடமும் அவன் வெவ்வேறு பொய் வரலாறுகளைச் சொல்வதையும் நாம் காண்கிறோம்.

அலுவலகங்களில் பணியாற்றுவோர் ஒரு நடைமுறையை அறிவர். ஓரிடத்தில் பெரும் இழப்பு நேர்ந்தால், அங்குப் பொறுப்பில் இருந்தவரையே விசாரணை அதிகாரியாக நியமிப்பதில்லை. அவர் நேர்மையற்றவர் என்பது இதன் பொருளன்று. தன் வழக்கில் தானே நடுவராக இருத்தல் நல்லவருக்கும் அரிது என்பதே காரணம். ஒடிசியஸ் விஷயத்தில் கோப்பு முழுவதையும் எழுதியவன் அவன் ஒருவனே. எனினும் அவனுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் இதையும் சொல்ல வேண்டும்: தோழர் சொல்லைக் கேளாமல் போனதையும், உறங்கிப் போனதையும், ஸ்கில்லாவைப் பற்றி மறைத்ததையும் நமக்குச் சொல்பவனும் அவனே. தன்னைக் காத்துக்கொள்ள மட்டுமே புனைபவன் இவற்றை விட்டிருப்பான். தவறுகள் அவன் வாயிலிருந்தே வருகின்றன. அத்தவறுகளுக்கு விடை சொல்ல வேண்டியவன் தான் என்னும் உணர்வு மட்டும் வருவதில்லை.

ஏகிப்தியஸ் என்னும் தந்தை

ஒடிசியைப் படிப்போர் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடும் ஒரு மனிதர் இரண்டாம் பகுதியில் வருகின்றார். ஒடிசியஸ் புறப்பட்டுச் சென்றபின் இத்தாக்காவில் மக்கள் அவை கூடவேயில்லை. இருபதாம் ஆண்டில் அவன் மகன் டெலிமாக்கஸ் அவையைக் கூட்டுகின்றான். அங்கு முதலில் எழுந்து பேசுபவர் ஏகிப்தியஸ் என்னும் கூனிய முதியவர். அவருக்கு நான்கு மைந்தர். ஒருவன் ஆன்டிபஸ், ஒடிசியஸுடன் டிராய்க்குச் சென்றவன். இருவர் தந்தையின் நிலத்தைப் பேணுகின்றனர். நான்காமவன் யூரினோமஸ், பெனலோப்பியை மணக்க விரும்பி அரண்மனையில் கூடியிருக்கும் கூட்டத்தில் ஒருவன்.

இருவர் அருகிருந்தும், போன மகனை மறவாமல் கண்ணீர் வடித்துக்கொண்டே பேசுகின்றார் அம்முதியவர். பாலிபீமஸ் கடைசியாகத் தின்றது அந்த ஆன்டிபஸைத்தான் என்று கவிஞர் நமக்குச் சொல்லிவிடுகின்றார், தந்தைக்குத் தெரியாது. படையிலிருந்து ஏதேனும் செய்தி வந்ததா என்று ஆவலோடு கேட்கின்றார். இன்னும் சில நாட்களில் மன்னன் திரும்பி வந்து யூரினோமஸையும் மற்றவர்களோடு சேர்த்துக் கொல்லப் போகின்றான் என்பதும் அவருக்குத் தெரியாது. ஒரு மகனை மன்னனின் ஆவலால் இழந்தவர், மற்றொரு மகனை மன்னனின் வில்லால் இழக்கப் போகின்றார். அவர் என்ன ஆனார் என்று காப்பியம் பின்னர்ச் சொல்லவில்லை.

தாயகம் சேர்ந்த ஒடிசியஸ், தன்னை எதிர்த்தவரைக் கொன்ற இரவில் மனைவியிடம் தன் அலைச்சல் முழுவதையும் சொல்கின்றான். தோழரை இழந்த செய்தியும் அதில் உண்டு. ஆனால் ஏகிப்தியஸ் போன்ற தந்தையரிடம் சென்று அவன் ஒரு சொல்லும் சொன்னதாக இல்லை. கொலைச் செய்தி ஊருக்குள் பரவாதிருக்க, மாளிகையில் திருமணம் நடப்பது போல் ஆடலும் பாடலும் நிகழச் செய்கின்றான். விடிந்ததும் தந்தையின் தோட்டத்திற்குப் போய்விடுகின்றான். தன் வீட்டாரின் இருபதாண்டுக் காத்திருப்பிற்கு முடிவு தந்தவன், பிற வீடுகளின் காத்திருப்பை நினைக்கவேயில்லை.

மாளிகையில் நிகழ்ந்தது

பெனலோப்பியை நாடி வந்து அரண்மனைச் செல்வத்தை உண்டழித்தவர் 108 பேர். டெலிமாக்கஸைக் கொல்லவும் அவர்கள் சதி செய்தனர். ஆதலின் அவர்கள் தண்டனைக்குரியவர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எல்லோரும் ஒரே தரத்தினர் அல்லர். ஆம்பினோமஸ் என்பவன் டெலிமாக்கஸைக் கொல்லும் யோசனையைத் தடுத்தவன். இரவலன் வேடத்தில் வந்த ஒடிசியஸிடம் அன்பாக நடந்தவன். பலிகளின் குறி பார்ப்பவனான லியோடீஸ் மற்றவர் செயல்களை வெறுத்தவன். காலைப் பற்றிக்கொண்டு உயிர் வேண்டினான். இருவருமே கொல்லப்பட்டனர். செய்த சேதத்திற்கெல்லாம் ஈடு தருகிறோம் என்று யூரிமாக்கஸ் வேண்டியதும் ஏற்கப்படவில்லை.

இதனினும் கொடிது பணிப்பெண்களின் முடிவு. ஐம்பது பேருள் பன்னிருவர், கூட்டத்தாருடன் உறவு கொண்டனர் என்பதற்காகத் தண்டிக்கப்பட்டனர். பிணங்களைச் சுமந்து வெளியே போடவும், குருதி படிந்த இருக்கைகளைக் கழுவவும் செய்வித்து, அதன்பின் அவர்களைத் தூக்கிலிட்டனர். வாளால் வெட்டுமாறு சொன்னவன் ஒடிசியஸ். கயிற்றில் தொங்கவிட்டவன் டெலிமாக்கஸ். அவர்கள் விலைக்கு வாங்கப்பட்ட, அல்லது வீட்டிலேயே அடிமையாகப் பிறந்த பெண்கள். இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். வில்லை ஏந்தி நின்று கூட்டத்தார்மீது ஒடிசியஸ் சாட்டும் குற்றங்களுள், தன் பணிப்பெண்களை வலிந்து படுக்கைக்கு இழுத்தனர் என்பதும் ஒன்று. வலிந்து இழுத்தது ஆடவரின் குற்றம் என்றால், இழுக்கப்பட்டவளுக்கு எங்ஙனம் தூக்குத் தண்டனை? தன் வாயாலேயே கூறிய குற்றச்சாட்டை ஒரு நாழிகையில் அவன் மறந்துவிட்டான்.

இத்தனைக்கும் பிறர் துன்பத்தை உணரும் ஆற்றல் இல்லாதவன் அல்லன் அவன். பயேசியர் அவையில் பாணன் டிராயின் வீழ்ச்சியைப் பாடியபோது ஒடிசியஸ் அழுகின்றான். அவன் அழுகைக்குக் கவிஞர் தரும் உவமை வியப்பிற்குரியது. தன் நகரைக் காக்கப் போரிட்டு வீழ்ந்த கணவன் உடல்மேல் விழுந்து கதறும் பெண்ணை, பகைவர் ஈட்டியால் முதுகில் தட்டி அடிமையாக இழுத்துச் செல்கின்றனர். அவளைப் போல் அழுதான் என்கின்றார். வென்றவனைத் தோற்றவளோடு ஒப்பிடும் இவ்வுவமை, அவன் செய்த செயலை அவன் முன்னே நிறுத்துகின்றது. வீழ்ந்தவர்மேல் நின்று ஆர்ப்பரித்தல் தகாது என்று செவிலி யூரிக்ளியாவை அவன் தடுப்பதும் உண்டு. ஆனால் உணர்ந்தது அவன் செயலை மாற்றவில்லை என்பதுதான் வருந்தத்தக்கது.

காலத்தின் அளவுகோல்

மூவாயிரம் ஆண்டுகளுக்கு அணித்தான பழைமை உடைய ஒருவனை இன்றைய அறத்தால் அளக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அடிமைகளைக் குறித்த கருத்தில் அக்காலத்தார் நம்மைப் போல் எண்ணவில்லை என்பது உண்மை. ஆனால் தலைவனின் பொறுப்பைக் குறித்து அவர்கள் நம்மினும் வேறாக எண்ணினர் என்று சொல்ல முடியாது. ஒடிசியஸ் ஆட்சியில் மக்களுக்குத் தந்தையைப் போல் மென்மையாக இருந்தான் என்று காப்பியமே அவனைப் புகழ்கின்றது. அப்புகழ்ச்சியே அவனுக்கு அளவுகோல் ஆகின்றது.

இலியட்டில் ஹெக்டரைப் பார்க்கலாம். படையை நகருக்குள் அழைத்துக்கொள்ளுமாறு நண்பன் கூறிய நல்லுரையை அவன் கேளாது விட்டான், பலர் மாண்டனர். அக்கிலீஸ் தன்னைக் கொல்ல வரும் வேளையில் கோட்டை வாயிலுக்கு வெளியே நின்று, தன் மடமையால் மக்களை அழித்துவிட்டேன், இனி டிராயின் ஆடவர் பெண்டிர் முகத்தில் எவ்வாறு விழிப்பேன் என்று நாணுகின்றான். அந்த நாணத்தாலேயே உள்ளே போகாமல் நின்று உயிர் விடுகின்றான். அதே ஹோமரின் பெயரால் வழங்கும் நூல், அதே காலத்துப் பண்பாடு. நாணம் என்னும் அளவுகோல் அன்றும் இருந்தது. ஹெக்டரிடம் இருந்த அது ஒடிசியஸிடம் காணப்படவில்லை.

கிரேக்கருமே இதனை உணராமல் இல்லை. கி.மு. 409இல் அரங்கேறிய 'பிலோக்டெட்டிஸ்' நாடகத்தில் சோபோக்ளிஸ் இவனை இளைஞன் ஒருவனுக்குப் பொய் கற்பிப்பவனாகக் காட்டினார். 'அஜாக்ஸ்' என்னும் தம் மற்றொரு நாடகத்தில் பகைவனின் உடலுக்கு நல்லடக்கம் வேண்டிப் போராடும் பெருந்தகையாகவும் அவரே காட்டினார். இத்தாலியக் கவிஞர் தாந்தே இவனை நரகத்தின் தீச்சுடருக்குள் வைத்தார். 1842இல் வெளிவந்த டென்னிசனின் கவிதை இவனை ஓயாத தேடலின் உருவமாக உயர்த்தியது. 2005இல் மார்கரெட் அட்வுட், பெனலோப்பியும் தூக்கிலிடப்பட்ட பன்னிரு பெண்களும் பேசுவதாக ஒரு நூலை எழுதினார். ஒருவனைக் குறித்த வழக்கு இவ்வளவு காலம் முடியாமல் நீள்கிறதென்றால், இரு பக்கத்திலும் வலிமை உண்டு என்பதே பொருள்.

முடிவாக

காப்பியத்தின் இறுதிப் பகுதியில் இவ்வழக்கு அவையிலேயே எழுகின்றது. கொல்லப்பட்ட ஆன்டினோவஸின் தந்தை யூப்பிதீஸ் எழுந்து, இவன் கப்பல்களையும் மக்களையும் கொண்டு சென்று இரண்டையும் தொலைத்தான், திரும்பி வந்து எஞ்சியவருள் சிறந்தோரையும் கொன்றான் என்று குற்றம் சாட்டுகின்றான். யூப்பிதீஸ் நல்லவன் அல்லன். அவன் மகன் கொடியவன். ஆயினும் அவன் சொல்லிய கணக்கு பிழையானதன்று. அதற்கு ஒடிசியஸ் விடை கூறவேயில்லை. ஊரார் சிலர் ஆயுதம் ஏந்தி வருகின்றனர். யூப்பிதீஸ் ஈட்டியால் வீழ்கின்றான். அத்தீனா தலையிட்டுப் போரை நிறுத்துகின்றாள். மைந்தரையும் உடன்பிறந்தாரையும் இழந்தோர் அக்கொலையை மறக்கச் செய்வதே சீயஸின் திட்டம். மறதியைத் தெய்வங்கள் கொடுக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, மனிதர் தாமாக மன்னித்திருக்க மாட்டார் என்பது விளங்கும்.

பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்து, ஊரையே நினைத்து வாழும் குடும்பங்களுக்கு ஒடிசியஸின் ஏக்கம் விளக்கம் இன்றியே புரியும். கடற்கரையில் அமர்ந்து அடிவானத்தைப் பார்த்து அவன் அழும்போது நாமும் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். அச்சாய்வு இயல்பானது. ஆனால் சர்சியின் மாளிகையில் விருந்துண்டு ஓராண்டு கழிந்தபோது, ஊரை நினைக்கும் நேரம் வந்துவிட்டது என்று அவனுக்கு நினைவூட்டியவர்கள் அத்தோழர்களே. அவர்களுக்கும் இத்தாக்கா இருந்தது. அவர்களுக்கும் காத்திருந்த பெனலோப்பிகளும் ஏகிப்தியஸ்களும் இருந்தனர். அவர்களுடைய ஏக்கத்தைப் பாடுவதற்கு மட்டும் யாரும் மிஞ்சவில்லை.

ஆதலின் நம் விடை இதுவாகலாம். ஒடிசியஸ் காப்பியத் தலைவன். அதில் அவனுக்கு நிகர் அரிது. அவன் வீரன், களத்திலும் கடலிலும் அதனை மெய்ப்பித்தான். இறவாமையை மறுத்துக் குடும்பத்தைத் தேர்ந்த அந்த ஒரு பொழுதில் அவன் வீரத்தையும் கடந்த உயரத்தில் நிற்கின்றான். ஆயினும் தன்னை நம்பி வந்தவரின் உயிருக்குத் தான் கடன்பட்டவன் என்னும் உணர்வும், அவர்களுடைய பெற்றோர் முன் நிற்க நாணும் உள்ளமும் இல்லாதவனைச் சான்றோன் என்று கூற இயலாது. நம் பிள்ளைகளுக்கு அரக்கனின் கதையைச் சொல்லும்போது குகையிலிருந்து தப்பியவனின் அறிவைப் பாராட்டிச் சொல்வோம். குகையிலிருந்து கப்பலுக்குத் திரும்பிவிடலாம் என்று வேண்டியவர்களும் இருந்தனர் என்பதையும், அவர்களுள் ஒருவனின் பெயர் ஆன்டிபஸ் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.